சின்னவனுக்குச் சந்தனம் பூசிய வாரம்

எங்கள் ஊரில் மொட்டைத் தலையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. திருத்தணி மலைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் முடி கொடுக்க வருகிறவர்கள். கொடுத்து முடித்ததும் தலை முழுக்கச் சந்தனத்தைக் குழைத்துப் பூசிக்கொண்டு, ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் எங்கள் தெரு வழியாகத்தான் போவார்கள். அப்பா, அம்மா, கைக்குழந்தை எல்லாரும் மஞ்சள் பந்துகளாக வரிசையாகப் போவதை நீங்கள் பார்க்க வேண்டும். மொட்டை என்றால் சந்தனம். இதை நாங்கள் யோசித்துச் செய்வதில்லை. இட்லி வைத்தால் சட்னி ஊற்றுவது போலக் கை தானாகச் செய்துவிடும்.

அப்படிக் கை தானாகச் செய்ததால் எங்கள் வீட்டில் ஒரு வாரம் போர் நடந்தது.

எங்களிடம் இரண்டு பூனைகள். ஒரு தாய் வயிற்றில் ஒரே நாளில் பிறந்த அண்ணன் தம்பி. யார் முதலில் பிறந்தது என்று எங்களுக்குத் தெரியாது. சாம்பல் நிறத்தில் உருண்டையாக இருந்தவன் பெரியவன் என்றும், வெள்ளையில் மஞ்சள் திட்டுத் திட்டாக இருந்தவன் சின்னவன் என்றும் என் மகள் முடிவு செய்தாள். அவளுக்கு அப்போது எட்டு வயது. அவள் முடிவு செய்துவிட்டால் எங்கள் வீட்டில் அப்பீல் கிடையாது.

நான் பஸ் ஸ்டாண்டு பக்கம் மிக்சி, கிரைண்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன். பூனையைப் பற்றிப் படித்துத் தெரிந்துகொண்டது ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு மிக்சி திடீரென்று வேறு மாதிரி சத்தம் போட்டால், "நேத்து இதுக்குள்ள இன்னா போட்டு அரைச்சீங்க?" என்று முதலில் கேட்க வேண்டும் என்பது தெரியும். அந்தக் கேள்வி என் சொந்த வீட்டில் என் வாயில் வரவே இல்லை. அதுதான் வேடிக்கை.

அண்ணனும் தம்பியும் அவ்வளவு ஒற்றுமை. என் பழைய நீலக் கட்டம் போட்ட லுங்கி ஒன்று கட்டிலுக்கு அடியில் கிடக்கும். அதன் மேல் சின்னவன் படுப்பான், சின்னவன் வயிற்றின் மேல் பெரியவன் தலை வைத்துப் படுப்பான். ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். கருவாட்டுத் தலை ஒன்றே ஒன்று விழுந்தால் பெரியவன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான், தனக்குக் கருவாடு பிடிக்காது என்பது போல. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் படுத்தால் பெரியவன் என் வயிற்றின் மேல் ஏறிக்கொள்வான். அவன் எழுந்திருக்கும் வரை நானும் எழுந்திருக்க முடியாது.

ஒரு நாள் சின்னவன் மொட்டை மாடியில் தெருப் பூனை ஒன்றோடு சண்டை போட்டு, இரண்டு காதுக்கும் நடுவில் கடி வாங்கி வந்தான். இரண்டொரு நாளில் அந்த இடம் வீங்கிச் சீழ் வைத்துவிட்டது. காய்கறிக் கூடையில் உட்கார வைத்து, மேலே வலையைக் கட்டி, கால்நடை மருத்துவரிடம் கொண்டு போனேன். அவர் தலை உச்சியில் இருந்த முடியையெல்லாம் மழித்து, புண்ணைச் சுத்தம் செய்து, ஊசி போட்டார். நேராகப் பார்த்தால் பூனையாகத்தான் இருந்தான். மேலே இருந்து பார்த்தால் உரித்த உருளைக்கிழங்கு.

"இந்த மருந்து தவிர தலையில வேற எதுவும் போடாதீங்க" என்றார் டாக்டர்.

"ஆங், சரிங்க சார்" என்றேன்.

வீட்டில் கூடையைத் திறந்ததும் என் மனைவி எட்டிப் பார்த்து, "அடப்பாவமே, இதுக்கு மொட்டை போட்டு அனுப்பிக்கிறாங்க" என்று சிரித்தாள். அதற்குள் என் மகள் சாமி அலமாரியிலிருந்து சந்தனப் பொடியை எடுத்து, உள்ளங்கையில் தண்ணீர் விட்டுக் குழைக்க ஆரம்பித்திருந்தாள். புண்ணை விட்டுவிட்டு, சுற்றிலும் ஓரம் பிசகாமல் பூசினாள். மனைவி நெற்றியில் ஒரு குங்குமப் பொட்டும் வைத்தாள். சின்னவன் மலையிலிருந்து இறங்கி அரக்கோணம் ரயிலைப் பிடிக்கப் போகிறவன் மாதிரி இருந்தான்.

டாக்டர் சொன்னது எங்களில் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை என்று நினைக்காதீர்கள். எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. வேறு எதுவும் என்றால் டீத்தூள், எண்ணெய், சுண்ணாம்பு. சந்தனம் எப்படி வேறு எதுவும் ஆகும்?

அப்போது பெரியவன் மதில் மேல் இருந்தான். தம்பியின் குரல் கேட்டதும் குதித்து ஓடி வந்தான். இரண்டு முழம் தள்ளி, பிரேக் போட்டது போல நின்றான். மூக்கை நீட்டினான். இன்னும் கொஞ்சம் நீட்டினான். அவன் வால் பாட்டில் கழுவும் பிரஷ் மாதிரி ஆனது. அடுத்து நடந்ததை என்னால் வரிசையாகச் சொல்ல முடியாது. ஒரு அலறல், பறக்கும் முடி, உருளும் சொம்பு, கவிழ்ந்த இட்லி மாவு. கால்மிதியை நடுவில் வீசித்தான் இருவரையும் பிரித்தேன். சின்னவனை அடுப்பங்கரையில் விட்டுக் கதவைச் சாத்தினோம். பெரியவன் கதவுக்கு வெளியே உட்கார்ந்து, கல் சிக்கிய கிரைண்டர் போல உறுமிக்கொண்டே இருந்தான்.

ஏதோ கோபம், காலையில் சரியாகிவிடும் என்று நினைத்தோம். காலையில் கதவைத் திறந்தோம். சரியாகவில்லை. சாயங்காலம் திறந்தோம். இன்னும் மோசம்.

மனைவி கண் திருஷ்டி என்று மிளகாய் சுற்றிப் போட்டாள். தெருவில் ஒருவர் பொறாமை என்றார். இன்னொருவர் வெறியாக இருக்கும் என்று சொல்லிவிட்டுத் தன் வீட்டுக் கேட்டைச் சாத்திக்கொண்டார். எனக்குப் பயம் பிடித்து டாக்டருக்குப் போன் போட்டேன். பெரியவனை நாய் கடித்ததா என்று கேட்டார், இல்லை என்றேன். ஒழுங்காகச் சாப்பிடுகிறானா, தண்ணீர் குடிக்கிறானா என்றார், ஆமாம் என்றேன். கடைசியாக, அடிபட்டவன் தலையில் ஏதாவது போட்டீர்களா என்றார்.

"எதுவும் போடலைங்க சார்" என்றேன், மனசாரத்தான்.

நான் இதைச் சொல்லும்போது என் மகள் எனக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து சின்னவனுக்கு அன்றைய சாயங்காலச் சந்தனத்தைப் பூசிக்கொண்டிருந்தாள். காய்ந்து உதிர்ந்துவிடுகிறது அல்லவா? அதனால் காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம். அது போக, ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் பாவம் என்று கொஞ்சம் சேர்த்துப் பூசினோம். நல்ல வாசனையாக இருக்கட்டும் என்று நானே கடையில் புதுப் பொட்டலம் வாங்கி வந்தேன்.

அந்த வாரம் இன்னொரு கூத்தும் நடந்தது. மதில் மேல் உட்கார்ந்து, போகிற வருகிற மொட்டைகளை அரைக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்த பெரியவன், இப்போது அவர்களைப் பார்த்துச் சீற ஆரம்பித்தான். ஆந்திராவிலிருந்து வந்த ஒரு தாத்தா நின்று, உங்கள் பூனைக்கு என்ன ஆயிற்று என்று தெலுங்கில் கேட்டார். நான் கையை விரித்தேன். அவர் தன் சந்தனத் தலையைத் தடவிக்கொண்டே எதிர்ப்பக்கமாக நடந்து போனார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அன்று சாயங்காலம் சண்டையைத் தடுக்கப் போன என் மனைவியின் காலில் பெரியவன் நன்றாகக் கீறிவிட்டான். அவள் டெட்டால் போட்டுக்கொண்டே தீர்ப்பைச் சொன்னாள்.

"ஒரே ஊட்டுல ரெண்டு பேரும் இருக்க முடியாதுன்னா ஒருத்தன் உங்க பாவா ஊட்டுக்குப் போவட்டும். அங்க எலியாவது கெடைக்கும்."

பாவா என்பது என் அக்கா வீட்டுக்காரர். ஆர்.கே.பேட்டையில் பவர்லூம் வைத்திருக்கிறார். எலி நூலைக் கடிக்கிறது, ஒரு பூனை கொடு என்று வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தவர். போன் போட்டதும், ஞாயிற்றுக்கிழமை கூடையோடு வருகிறேன் என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டார். புண் ஆறாதவனை அனுப்ப முடியாது, அதனால் போக வேண்டியவன் பெரியவன் என்று முடிவானது.

என் மகள் அழவில்லை. சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"நைனா, அப்ப தூங்கறப்ப பெரியவன் யார் மேல தலை வெச்சிப்பான்?"

மனைவி அவள் தட்டில் ரசத்தை இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

சாப்பிட்டு முடித்து நான் கை கழுவி வருவதற்குள் மகள் முருகன் படத்துக்கு முன்னால் கண்ணை மூடி நின்றிருந்தாள். வேண்டுதலைச் சத்தமாகவே சொன்னாள், சாமிக்குக் காது கேட்காதோ என்னவோ என்று.

"முருகா, இவங்க ரெண்டு பேரும் ராசி ஆயிட்டா எங்க நைனாவுக்கு மொட்டை போடறேன்."

ஏன் என் தலை என்று கேட்டேன்.

"எனக்கு ஆண்டு விழாவுல டான்ஸ் கீது நைனா."

என் மனைவி அது நியாயம்தான் என்றாள். மகள் அதோடு விடவில்லை. வேண்டுதல் பலித்த பிறகு முடி கொடுப்பதுதான் வழக்கம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மாமா வந்துவிடுவார், அதற்கப்புறம் கொடுத்து என்ன பிரயோஜனம், அதனால் நைனா முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும் என்றாள். வாங்கிக்கொண்ட பிறகு சாமி சும்மா இருக்க முடியாது என்பது அவள் கணக்கு.

மறுநாள் புதன்கிழமை. கடையைப் பூட்டிவிட்டு மலையேறினேன். முடி எடுக்கிறவர் தலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டே என்ன வேண்டுதல் என்று கேட்டார். பூனைக்காக என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. வீட்டில் அண்ணன் தம்பி சண்டை என்றேன்.

"சொத்துத் தகராறுங்களா?"

"இல்லீங்க. ஒரே தட்டுல சாப்பிட்டுகினு இருந்தவங்க. திடீர்னு இப்படி ஆயிட்டாங்க."

"எல்லா ஊட்லயும் கீறதுதாங்க. எதுர எதுர உக்கார வெச்சிப் பேசித் தீத்துக்கச் சொல்லுங்க."

"எங்க பேசறது? எதுர எதுர உக்கார வெச்சாலே கடிச்சிக்கிறாங்க."

கத்தி என் தலையில் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றது. பிறகு அவர் மற்றவர்களுக்கு எடுப்பதைவிட மெதுவாக, பரிவாக எடுத்து அனுப்பினார்.

குளித்துச் சாமி கும்பிட்டுவிட்டு, தலை நிறையச் சந்தனம் பூசிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வேண்டுதலைச் செலுத்திய நிம்மதியில் கேட்டைத் திறந்தேன். பெரியவன் வழக்கம்போல என் காலை உரசுவதற்காக மதிலிலிருந்து குதித்தான். இரண்டு முழம் தள்ளி நின்றான். மூக்கை நீட்டினான்.

வால் பிரஷ் ஆனது.

"டேய், நான்டா" என்றேன். அதை அவன் நம்பவில்லை. என் வேட்டியின் ஒரு முனை அவன் நகத்தில் மாட்டியது. அதை அவனிடமே விட்டுவிட்டு, உள்ளே இருந்த டவுசரோடு ஓடிப் போய்க் குளியலறைக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டேன். கவிழ்த்து வைத்த வாளி மேல் உட்கார்ந்து மூச்சு வாங்கினேன். வெளியே என் மனைவி சிரிக்கிற சத்தம் கேட்டது. மகளும் சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் மகளின் சிரிப்பு மட்டும் நின்றது.

"நைனா, கொஞ்சம் தலைய வெளிய நீட்டு."

பெரியவனை வாசலில் விட்டுக் கதவைச் சாத்திவிட்டாளா என்று உறுதி செய்துகொண்டுதான் நீட்டினேன். என் உச்சந்தலையை முகர்ந்து பார்த்தாள். அடுப்பங்கரைக்குப் போனாள். அங்கே சின்னவன் தலையை முகர்ந்தாள். திரும்பி வந்து மறுபடி என்னை முகர்ந்தாள்.

"நீயும் சின்னவனும் ஒரே வாசனை நைனா."

நாங்கள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மிக்சிக்காரனின் கேள்வி அப்போதுதான் எனக்கு வந்தது. இதற்குள் நாம் என்ன போட்டோம்?

டாக்டருக்குப் போன் போட்டு, அன்றைக்குத் தலையில் சந்தனம் போட்டோம் என்றேன். எதுவும் போடவில்லை என்று சொன்னீர்களே என்று கேட்டார். "ஆமாங்க சார், சந்தனம்தான்" என்றேன். லைன் போய்விட்டதோ என்று நான் ஹலோ சொன்ன பிறகுதான் பேசினார்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். நாம் ஒருவரை முகத்தைப் பார்த்து அடையாளம் காண்கிறோம். பூனைக்கு மூக்குதான் முக்கியம். ஆஸ்பத்திரிக்குப் போய் வந்ததிலேயே தம்பியின் வாசனை மாறிவிட்டது. அதன் மேல் சந்தனமும் பூசியதும், தம்பியைப் போல வேஷம் போட்ட யாரோ ஒருவன் வீட்டுக்குள் வந்துவிட்டதாகப் பெரியவன் நினைத்துவிட்டான். அவனுக்குக் கோபம் இல்லை, பயம். ஒரு தரம் பயந்த பிறகு அந்த வாசனை எங்கிருந்து வந்தாலும் அவனுக்குத் திருடன்தான். சந்தனத்தின் மேல் ஒரு குற்றமும் இல்லை. எங்கள் மேலும் இல்லை என்று அவர் சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை.

சந்தனத்தைத் துடைத்துவிடுங்கள், இருவரையும் தனித்தனியாக வையுங்கள், ஒருவன் படுத்த துணியை இன்னொருவனுக்குப் போடுங்கள், சாத்திய கதவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சோறு வையுங்கள், அவசரப்படாதீர்கள் என்றார். அவசரப்படாமல் எப்படி இருப்பது? ஞாயிற்றுக்கிழமை பாவா வருகிறார்.

சின்னவன் தலையை ஈரத் துணியால் துடைத்துவிட்டு, கட்டிலுக்கு அடியில் கிடந்த நீல லுங்கியை இரண்டாகக் கிழித்தோம். அதைத் தூக்கிப் போடச் சொல்லிப் பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்த என் மனைவியே கிழித்துக் கொடுத்தாள். ஒரு பாதி அடுப்பங்கரையில் சின்னவனுக்கு, ஒரு பாதி கூடத்தில் பெரியவனுக்கு. தினமும் மாற்றிப் போட்டோம். நானும் சீயக்காய் தேய்த்துத் தலையைக் கழுவினேன். ஆனாலும் பெரியவன் என்னைச் சந்தேகமாகவே பார்த்தான். அதனால் என் மகள் லுங்கியில் ஒரு துண்டு கிழித்து என் தலையில் முண்டாசு கட்டிவிட்டாள். அதோடுதான் கடைக்குப் போனேன். மிக்சி கொண்டு வந்த ஒரு அம்மா, தலையில் அடிபட்டதா என்று விசாரித்தார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். உண்மையைச் சொல்ல நேரம் பத்தாது.

வெள்ளிக்கிழமை பெரியவன் என் வயிற்றின் மேல் ஏறிப் படுத்தான். சனிக்கிழமை கதவுக்கு இரண்டு பக்கமும் உறுமல் இல்லாமல் சோறு இறங்கியது. கதவுக்கு அடியில் ஒரு சாம்பல் பாதம் உள்ளே போனதாகவும், அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வெள்ளைப் பாதம் வெளியே வந்ததாகவும் என் மகள் ஓடி வந்து சொன்னாள்.

"பாதத்த நீட்டிட்டா ஆச்சா? பின்னாடியே நகத்தையும் நீட்டுவான்" என்றாள் மனைவி. காலில் கீறல் இருந்தது, அவள் அப்படித்தான் பேசுவாள். கதவைத் திறக்க அவளுக்கு மனசு வரவில்லை. பாவாவுக்குப் போன் போட்டு வர வேண்டாம் என்று சொல்ல எனக்கும் தைரியம் வரவில்லை. பூனைக்கென்று புதுக் கூடையே வாங்கிவிட்டாராம்.

ஞாயிற்றுக்கிழமை பாவா வந்தார். எங்கள் ஊருக்கு வருகிறவர் யாராக இருந்தாலும் முதலில் மலைக்குப் போய்விட்டுத்தான் சொந்தக்காரர் வீட்டுக்கு வருவார். பாவாவும் அப்படித்தான் வந்தார். ஆள் பெரிய உருவம், குரலும் பெரிது. நெற்றி, கழுத்து, இரண்டு கை, சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு மார்பு எல்லா இடத்திலும் ஈரச் சந்தனம்.

நாங்கள் மூன்று பேரும் அதைப் பார்த்தோம். கழுவிக்கொண்டு வரச் சொல்வதற்குள் அவர் கூடத்துக்கே வந்துவிட்டார்.

"இன்னா மச்சான், தலையில துணி கட்டிகினு கீற? எங்க என் ஆளு?" என்று கேட்டுக்கொண்டே பாவா கூடத்தில் உட்கார்ந்திருந்த பெரியவனைக் குனிந்து தூக்கப் போனார்.

பெரியவன் ஒரு முறைதான் மூக்கை நீட்டினான். அவன் போட்ட அலறலுக்குப் பாவா இன்னும் பெரிய அலறல் போட்டு, புதுக் கூடையை எறிந்துவிட்டுக் கட்டில் மேல் ஏறி நின்றார். அந்தச் சத்தத்தில் பெரியவன் மிரண்டு கட்டிலுக்கு அடியில் பாய்ந்தான். காபி எடுத்து வர மனைவி அடுப்பங்கரைக் கதவைத் திறந்திருந்த நேரம் அது. சத்தத்துக்குப் பயந்த சின்னவன் அவள் கால் இடுக்கில் புகுந்து வெளியே வந்தான். எங்கே ஓடுவது என்று தெரியாமல் ஒரு சுற்று சுற்றிவிட்டு, அவனும் அதே கட்டிலுக்கு அடியில் பாய்ந்தான்.

மேலே பாவா. கீழே இரண்டு பூனைகள். மனைவி கால்மிதியைக் கையில் எடுத்தாள்.

ஒரு சத்தமும் வரவில்லை.

என் மகள் தரையில் குப்புறப் படுத்து உள்ளே பார்த்தாள். நாங்கள் அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இன்னா பண்றாங்க?" என்று கட்டில் மேலிருந்து பாவா கேட்டார். அவர் குரல் அவ்வளவு சின்னதாக வந்து நான் கேட்டதே இல்லை.

"மோந்து பாக்கறான்" என்றாள் மகள் கிசுகிசுப்பாக.

"அப்புறம்?"

"இன்னும் மோந்துகினே கீறான்."

"சரி, அப்புறம்?"

பிறகு அவள் தலையை வெளியே எடுத்தாள். முகமெல்லாம் ஒட்டடை.

"சின்னவன் மொட்டைய நக்கிவுட்டுகினு கீறான் நைனா."

மனைவி கால்மிதியைக் கீழே போட்டுவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். நாங்கள் சொன்ன கதையையெல்லாம் பாவா கட்டில் மேல் நின்றபடியே கேட்டார். கீழே இறங்கச் சொன்னால் மாட்டேன் என்றார். மனைவி ஒரு வாளித் தண்ணீரும் துண்டும் கொண்டு வந்து கொடுக்க, கட்டில் மேலேயே நெற்றி, கழுத்து, கை, மார்பு எல்லாம் துடைத்துக்கொண்ட பிறகுதான் ஒரு காலைக் கீழே வைத்தார்.

கூடையைப் பற்றி என்ன சொல்வாரோ என்று மகள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எனக்குப் பூனை வேணாம் கண்ணு. எலியாவது நூலத்தான் கடிக்குது. இவன் என்னையே கடிப்பான்" என்றார் பாவா. புதுக் கூடையில் எங்கள் மரத்து முருங்கைக்காயை நிரப்பிக்கொண்டு சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

அதற்குப் பிறகு என் தலையிலும் சின்னவன் தலையிலும் முடி வளர ஆரம்பித்தது. மகள் தினமும் காலையில் எங்கள் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்துத் தடவிப் பார்ப்பாள். சின்னவன்தான் ஜெயித்தான்.

இப்போதும் எங்கள் வீட்டுக்கு யாராவது மலையிலிருந்து நேராக வந்தால், கேட்டருகே இருக்கும் குழாயைக் காட்டி முகம் கழுவிக்கொண்டு வரச் சொல்கிறோம். சிலர் வருத்தப்படுகிறார்கள், சாமி சந்தனத்தைக் கழுவச் சொல்கிறானே என்று. மதில் மேல் உட்கார்ந்திருப்பவனை மகள் கை காட்டுவாள். அவன் மூக்கை நீட்டுவான். அதற்குள் அவர்களே குழாயைத் திறந்துவிடுவார்கள்.